ஆலைவாயிலும் கொம்யூன் எல்லையும்: வ. சுப்பையாவின் அரசியல் குறித்து

வ. சுப்பையாவின் (1911–1993) வாழ்க்கையை எழுதுவோர் பலரும் அதை இரண்டாகப் பகுத்துவிடுகிறார்கள்: முதலில் பஞ்சாலைத் தொழிலாளர் தலைவர், பிறகு பிரெஞ்சிந்திய விடுதலைத் தலைவர். முன்னது பின்னதற்கு வெறும் பீடிகையாகச் சுருங்கிவிடுகிறது. இப்பகுப்பை ஏற்பதற்கில்லை. ஆலைவாயிலில் அவர் வகுத்துக்கொண்ட அரசியல் முறையே அவரைப் பாரிஸ் வரை கொண்டுசென்றது. அதே முறை பாகூர், வில்லியனூர் பக்கத்து வயல்வெளிகளில் எடுபடவில்லை என்பதே என் வாதம்.

சவானா, ரோடியர், கபேலே ஆகிய மூன்று ஆலைகளே அன்றைய புதுச்சேரியின் தொழில் உலகம். 1934இல் ‘சுதந்திரம்’ இதழைத் தொடங்கிய சுப்பையா, சங்க உரிமையே இல்லாத அந்தத் தொழிலாளர்களைத் திரட்டினார். 1936 ஜூலை 30 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர் மாண்டனர். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் கவனிக்கத்தக்கது. அதே கோடையில் லெயோன் புளூமின் மக்கள் முன்னணி அரசு பிரான்சுத் தொழிலாளிக்கு வாரம் 40 மணி நேர வேலையைச் சட்டமாக்கியிருந்தது. குடியரசின் சட்டம் குடியரசின் கொடி பறக்கும் இடத்தில் ஏன் இல்லை? இக்கேள்வியோடு அவர் 1937இல் பாரிஸ் சென்றார். அவ்வாண்டு ஏப்ரல் 6ஆம் தேதி ஆணை சங்க உரிமையை ஏற்று, எட்டு மணி நேர வேலைக்கு வழி திறந்தது. எல்லைக்கு அப்பால் பிரிட்டிஷ் இந்தியாவிலோ 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி நாளைக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். அங்கே 48 மணி நேர வாரம் வந்தது 1946இல்தான்.

ஆட்சியாளரின் சட்டத்தையே ஆட்சியாளர் மீது திருப்பும் இந்த உத்தி 1946–47இல் உச்சம் தொட்டது. சுப்பையாவும் கம்யூனிஸ்டுகளும் இடம்பெற்ற தேசிய ஜனநாயக முன்னணி தேர்தல்களில் வென்றது. லம்பேர் சரவணன் பிரெஞ்சு தேசிய சபைக்கும், சுப்பையா பாரிஸ் மேலவைக்கும் சென்றனர். தமிழகத் தொழிற்சங்கத் தலைவர் எவருக்கும் அப்படியொரு மேடை அன்று கிடைத்ததில்லை. ஆனால் சரவணன் விரைவிலேயே பிரிந்தார். எதுவார் குபேரின் பிரெஞ்சிந்திய சோசலிஸ்டுக் கட்சி ஆளுநரின் ஆசியோடு மேலெழுந்தது.

அதன் பலம் கொம்யூன்கள் எனப்படும் உள்ளாட்சி அலகுகளில் இருந்தது. ஆலையில் முதலாளி வேறு, வாக்குப் பெட்டியைக் காப்பவர் வேறு. கொம்யூனிலோ பல இடங்களில் நிலத்தைக் குத்தகைக்கு விடுபவர், அவருக்கு வேண்டிய மேர் (கொம்யூன் தலைவர்), வாக்குப் பதிவை நடத்துபவர் எல்லாம் ஒரே வட்டத்துக்குள் அடக்கம். அங்கே வேலைநிறுத்தம் செய்யும் குத்தகைதாரன் அடுத்த போகத்துக்கு நிலத்தை இழப்பான்.   கம்யூனிஸ்டுகள் விவசாயத் தொழிலாளரைத் திரட்டவில்லையா என்று கேட்கலாம். திரட்டினார்கள், ஆனால் அந்தப் பலம் கொம்யூன் சபைகளில் இடங்களாக மாறவில்லை. சுப்பையாவின் வீடே 1950இல் கொளுத்தப்பட்டது. இந்தியாவுடனான இணைப்பு குறித்த கம்யூனிஸ்டு நிலைப்பாடு அக்காலத்தில் ஊசலாடியதும் அவர்களுக்கு உதவவில்லை. இதைப் பூசி மெழுகுவது வரலாறாகாது.

வில்லியனூருக்கு அப்பால் கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று நடந்ததைப் பொதுவாக்கெடுப்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம். வாக்களிக்கும் உரிமை பெற்றிருந்தவர்கள் சட்டமன்ற, நகரசபைப் பிரதிநிதிகள் 178 பேர் மட்டுமே. இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. அந்த ஆண்டு மார்ச் வரை பிரெஞ்சு நிர்வாகத்தோடு நின்ற குபேர் அணியினர்தாம் நெட்டப்பாக்கத்தில் கொடியேற்றி, இணைப்பின் நாயகர்களாக ஆனவர்கள். 1936 முதல் அடிபட்ட ஆலைத் தொழிலாளருக்குக் கீழூரில் வாக்கில்லை.

1955இல் முதல் பொதுத்தேர்தலுக்குப் பின் சுப்பையா எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தார். குபேர் 1963இல் முதலமைச்சரானார். 1969இல் ஃபாரூக் அமைச்சரவையில் சுப்பையா இடம்பெற்றது திமுகவுடனான கூட்டணியால். ஆலைவாயிலில் திரண்ட கூட்டம் மட்டும் அதற்குப் போதவில்லை.