மேற்படிப்பும் ஓர் ஆங்கிலத் தொடரும்

சிலிம் ரிவர் வட்டாரத் தோட்டப் பள்ளிகளில் பயின்று சென்ற பிள்ளைகள், உபகாரச் சம்பளத்திற்கு மனு எழுதும்போது நம்மைத் தேடி வருவதுண்டு. மனுவில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: 'ஐ வாண்ட் டு ஃபர்தர் ஸ்டடீஸ்.'

இதில் ஒரு சொல் குறைகிறது. 'ஃபர்தர்' வினையாக வந்தால் 'மை' வேண்டும்: 'டு ஃபர்தர் மை ஸ்டடீஸ்'. அடைமொழியாக வந்தால் வேறொரு வினை வேண்டும்: 'டு பர்சூ ஃபர்தர் ஸ்டடீஸ்'. 'பர்சூ'வுக்குப் பின்னால் 'ஃபார்', 'ஆஃப்டர்' எதையும் ஒட்டக் கூடாது. லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த இச்சொல்லுக்குப் பின்தொடர்தல் என்று பொருள். போலீசார் திருடனைத் துரத்துவதற்கும் இதே சொல்தான்! மலாயில் 'மெலஞ்சுத்கான்' என்றால் நீட்டித்துச் செல்வது. நாமோ 'மேற்படிப்பு' என்கிறோம். நமக்குப் படிப்பு ஏறிப் போகிற காரியம்.

ஆனால் நம் பாட்டன்மார் காலத்தில் இந்த வரியை எழுத வேண்டிய தேவையே தோட்டத்தில் எழவில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். அதற்குப் பிறகு பிள்ளை எங்கே போவது? ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்றது, அடுத்தது பால்மரக்காடு. பக்கத்துத் தஞ்சோங் மாலிமில் 1922இல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. அது மலாய் ஆசிரியர்களுக்கானது. ஆங்கிலப் பள்ளியோ பட்டணத்துப் பிள்ளைகளுக்கு.

இடைநிலைப் பள்ளிக்கான நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு, 1965 முதல் ஆறாம் வகுப்பு முடித்தவர்கள் மேலே செல்ல வழி பிறந்தது. தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்தே போக வேண்டியிருந்தது. அதன் ஆங்கிலப் பெயர் 'ரிமூவ்'. கேட்டால் பிள்ளையை நீக்கிவிட்டதாகத்தான் தோன்றும். உண்மையில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் இடைவகுப்புக்கு வழங்கிய பெயர். இருந்தாலும் இதைவிட நல்ல பெயர் கிடைக்கவில்லையா என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

அண்மையில் ஒரு மாணவி கொண்டுவந்த மனுவில் 'மை' சேர்க்கச் சொன்னோம்.

"அப்பாதானே சார் படிக்க வைக்கிறாரு? 'என்'னுனு எழுதலாமா?" என்றாள். தகப்பனார் செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவர்.

"படிக்கப் போறது யாரும்மா?" என்றோம்.

சற்று யோசித்துவிட்டுச் சேர்த்தாள். அவள் மனுப் போட்டது, 1997இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த அதே தஞ்சோங் மாலிம் கல்லூரிக்கு.