சேர்வராயன் மலையடிப் படங்களும் குறுந்தகட்டுப் பாடங்களும்

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்குச் செல்லும் சாலையில் டி. ஆர். சுந்தரம் அவர்கள் 1935ஆம் ஆண்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் படத்தொழிலகத்தை நிறுவினார். 1937இல் வெளிவந்த ‘சதி அகல்யா’ முதலாக நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கு உருவாயின. தொழிலகம் மறைந்த பின்னரும் அதன் நுழைவாயில் வளைவு நெடுநாள் எஞ்சி நின்றது. அப்படங்களை ஆராயப் புகும் மாணவர்க்குக் கிடைப்பன பெரும்பாலும் கடைகளில் விற்ற குறுந்தகடுகளே. குறுந்தகடு மூலமன்று; மூலத்தின் படியினின்று பெயர்த்தெழுதிய மற்றொரு படி. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடங்கொள்ளும் துறையினராகிய நாம், படத்தகட்டை மட்டும் ஆராயாது ஏற்றுக்கொள்வது பொருந்துமா என்பதே ஈண்டு எழும் வினா.

‘மந்திரி குமாரி’ (1950) இதற்குத் தக்க சான்றாகும். எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும் இயக்க, மு. கருணாநிதி உரையாடல் எழுதிய இப்படத்தின் கதை குண்டலகேசியைத் தழுவியது. அக்காப்பியமோ முழுமையாகக் கிடைத்திலது. புறத்திரட்டு முதலியவற்றில் எஞ்சிய சில பாடல்களும் நீலகேசி உரை கூறும் கதையுமே நமக்கு உள. கொல்லும் நோக்குடன் மலையுச்சிக்கு அழைத்துச் சென்ற கணவனை, வலம் வருவாள் போல் வந்து மனைவி தள்ளிவிடும் நிகழ்ச்சி படத்திலும் உச்சமாக அமைந்தது. மாதுரி தேவியும் எஸ். ஏ. நடராசனும் தோன்றும் அம்மலைக்காட்சி சேர்வராயன் மலைப்பகுதியில் எடுக்கப்பெற்றது எனப் பலரும் கூறுவர். இக்கூற்றுக்குப் படத்தினுள்ளேயே அகச்சான்று உண்டா?

உண்டு எனின், அது பின்னணியில் தெரியும் மலைமுகட்டின் கோட்டிலும் பாறை அமைப்பிலுமே இருத்தல் வேண்டும். ஒளிப்பதிவுச் சுருளிலிருந்து திரையரங்கப் படி, அதிலிருந்து காணொளி நாடா, நாடாவிலிருந்து தகடு என இறங்குந்தோறும் நுண்மை குறைகின்றது. முதலில் அழிவன முகங்கள் அல்ல, தொலைவிலுள்ள பொருள்களே. ஒளிமிக்க வானமும் அதனைத் தொட்டு நிற்கும் மலைமுகடும் ஒரே வெண்மையாய்க் கலந்துவிடும். கதையைப் பின்பற்றுவார்க்கு இது குறையாகத் தோன்றாது. இடத்தை ஆராய்வார்க்கோ ஏட்டின் அடி சிதைந்ததற்கு ஒப்பாகும்.

தகட்டின் வகையும் கருதத்தக்கது. வி.சி.டி. என்பதில் ஒரு படச்சட்டம் 352க்கு 288 புள்ளிகளே கொண்டது. டி.வி.டி.யில் அது 720க்கு 576. ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆயினும் தேய்ந்த நாடாவைப் புளூ-ரேயில் பதித்தாலும் இல்லாத நுண்மை வாராது. மூன்று படங்களை ஒரே டி.வி.டி.யில் அடைத்து விற்றவற்றிலோ ஒவ்வொரு படத்திற்கும் கிடைக்கும் இடம் சுருங்கி, அசைவுகள் கட்டங்கட்டமாகச் சிதறுதல் உண்டு. மலிவு கருதி யானும் அத்தகையன சில வாங்கியதுண்டு, பின் வருந்தினேன்.

இவற்றினும் பெருந்தீங்கு சட்டத்தை வெட்டுதல். 1950ஆம் ஆண்டுப் படங்களின் அகலம் உயரத்தைப்போல் ஏறத்தாழ 1.37 மடங்கு. அகன்ற தொலைக்காட்சியை நிரப்புதற்பொருட்டு அதனை 1.78 மடங்காக்கின், மேலும் கீழுமாக உயரத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மறையும். மலைக்காட்சியில் மறைவன யாவை? மேலே முகடு, கீழே பாறை விளிம்பில் நிற்போர் கால்கள். நாம் தேடுவன அவையே.

ஓடும் நேரத்தைக் கொண்டு வெட்டுண்ட பகுதியைக் கணிப்போரும் ஒன்றை நினைத்தல் வேண்டும். நொடிக்கு 24 சட்டங்களாக எடுத்த படம் நம் நாட்டுக் காணொளி முறையில் 25 சட்டங்களாக ஓடுவது வழக்கம். 15,000 அடிப் படம் திரையரங்கில் 166 நிமிடத்திற்குச் சற்று மேற்பட ஓடும். தகட்டில் 160 நிமிடத்தில் முடியும். குறைந்த ஆறரை நிமிடம் எவரும் வெட்டியதன்று. இதனையறியாது ‘பாடல் விடுபட்டது’ என எழுதுதல் எளிதில் நேரும் பிழையே.

வண்ணப்படங்களில் இடர் வேறு. ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம்; கேவாகலரில் ஆயது. வண்ணச் சுருளின் சாயங்கள் ஒரே அளவில் மங்குவதில்லை. பசுநீலச் சாயம் முன்னர் மங்கின் படம் செம்மை பாயும். தகட்டிற்காக அதனைத் திருத்துவோர் தம் கண்ணளவிலேயே திருத்துவர். ஆகலின், தகட்டிற் காணும் ஆடை நிறத்தை 1956ஆம் ஆண்டின் நிறமெனத் துணிதல் தகாது.

இனி, நூலக நிதி குறைந்த ஒரு துறை எதனை வாங்குவது? கீறலும் புள்ளியும் மலிந்திருப்பினும் முழுச்சட்டமுள்ள தகடே, வெட்டித் துடைத்த புதுத்தகட்டினும் ஏற்றதென்பது என் கருத்து. துடைக்கும் கருவி படச்சுருளின் மணித்தன்மையோடு மலைப்பனியையும் இலைகளையும் சேர்த்தே துடைத்துவிடும். முத்திரையெழுத்தை மூலையிற் பதித்த தகடு, வேறொன்று இல்லாதபோதே கொள்ளத்தக்கது. பழைய வி.சி.டி.யையும் எறிதல் வேண்டா. புதியதில் விடுபட்ட காட்சி அதில் இருத்தல் கூடும். மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த முதல் மலையாளப் பேசும்படமாகிய ‘பாலன்’ (1938) ஒரு படியேனும் எஞ்சாது போயிற்று என்பதை நினைப்பார் எப்படியையும் இகழார்.

‘மந்திரி குமாரி’யின் மலை எது என்பதற்கு விடைகாண முகடு தெளிந்து தோன்றும் முழுச்சட்டப் படியொன்று வேண்டும். கிடைப்பின், அதன் நிழற்படத்தைக் கையிற் கொண்டு ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டையூசி வளைவுகளையும் ஏறி, ‘லேடிஸ் சீட்’ முனையிலும் சேர்வராயன் கோயிற் பக்கத்திலும் நின்று ஒப்பிட்டு நோக்குதல் ஓரிரு நாளில் முடியும் பணியே.