கழுக்குன்றத்துக் கழுகுகள்

நம் வட்டத்தின் கவியரங்குகளில் இப்பத்தாண்டுகளில் கழுகு எத்தனை முறை வந்து போயிற்று என எண்ணிப் பார்த்தேன். கந்துவட்டிக்காரர் முதல் போர் நடத்தும் வல்லரசு வரை வசைக்குரியோர் எவராயினும் 'பிணந்தின்னிக் கழுகு' என்றே பாடப்பெற்றனர். என் கவிதை ஒன்றும் அவற்றுள் அடங்கும். நாம் வசைச்சொல்லாக்கிய அப்பறவை முனிவராகப் போற்றப்பெற்ற தலம் ஒன்று செங்கற்பட்டுக்கு அருகில் உண்டு.

திருக்கழுக்குன்றம் என்னும் பெயர் பழமையானது. தேவார மூவரும் பாடிய தலம் அது. கந்தசிஷ்யன் அளித்து, வாதாபி கொண்ட நரசிங்கவர்மன் காத்த நிலக்கொடையை முதலாம் ஆதித்த சோழன் புதுப்பித்ததை, 9ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்த கல்வெட்டு அவ்வூரில் கூறுகின்றது. எனினும், உச்சிப்போதில் வேதகிரியின்மேல் இரு பறவைகள் இறங்கி, அர்ச்சகர் அளிக்கும் சர்க்கரைப் பொங்கலை உண்டு செல்லும் வழக்கமும் அத்துணைப் பழமையது என ஊர்ப்பெயரை மட்டும் கொண்டு நிறுவுதல் பொருந்தாது. தலபுராணம் பாடுவோர் அவ்வாறு செய்யலாம். வரலாறு எழுதுவோர் செய்யலாகாது. சாபமுற்ற முனிவர் எண்மர் யுகத்துக்கு இருவராகக் கழுகுருக் கொண்டனர் என்பதும், இவ்விரண்டும் கலியுகத்துக்கு உரியவை என்பதும் தலக்கதை.

கழுகு என வழங்கினும் அது வேட்டையாடும் கழுகன்று; இன்று மஞ்சள்முகப் பாறு எனக் குறிக்கப்பெறும் சிறு பறவை. எடை ஏறத்தாழ 2 கிலோ. அழுக்கேறிய வெண்மேனி, கரிய சிறகோரம், ஆப்பு வடிவ வால், இறகற்ற மஞ்சள் முகம். பிரெஞ்சு நாட்டு சோன்னெரா 1782இல் வெளியிட்ட தம் பயண நூலில் இதனைச் 'செஞ்சிப் பாறு' என்றே விவரித்தார். இந்தியாவில் வாழும் வகையின் அறிவியற்பெயரில் நம் செஞ்சி இன்றும் நிற்கின்றது.

அது பொங்கல் உண்டதை வியப்போர் அதன் அலகை நோக்க வேண்டும். பெரிய இனங்களாகிய வெண்முதுகுப் பாறும் கருங்கழுத்துப் பாறும் சடலத்தினுள் நீண்ட கழுத்தைச் செலுத்தி உண்பன. தலையிலும் கழுத்திலும் இறகு அருகியிருப்பதால் குருதி படிந்து உறைவதில்லை. செந்தலைப் பாறின் அலகு தோலையே கிழிக்க வல்லது. மஞ்சள்முகப் பாறின் அலகோ மெலிது. பெரியவை விட்ட துணுக்குகளைக் கொத்தும். பூச்சி, முட்டை, சாணம் எதையும் விலக்காது. ஆப்பிரிக்காவில் இது கல்லெறிந்து தீக்கோழி முட்டையை உடைப்பதை ஜேன் குடால் 1966இல் எழுதினார். முகத்து மஞ்சளுக்குரிய நிறமியே சாணத்திலிருந்து கிடைப்பது என்பர். இத்தகைய உண்ணியே பொங்கலுக்குப் பழகும். வெண்முதுகுப் பாறு அதனை நாடி மலையேறியிருக்கும் என எண்ண இடமில்லை.

நம் பழம்புலவர் இவ்வேறுபாடுகளைக் கண்டறிந்தவர்களே. சங்க அகப்பாடல் எருவையின் செவியைச் சிவந்தது என்கின்றது. செந்தலைப் பாறின் செவியடியில் தொங்கும் செந்தோல் மடிப்பைக் கண்டவர்க்கு அவ்வடை வெற்றலங்காரமாகத் தோன்றாது. எருவையும் பாறும் பருந்தும் கழுகும் ஒன்றாகிப் போனது நம் கையில்தான்.

1990ஆம் ஆண்டளவில், எட்டு வயதில், பாட்டியாருடன் அம்மலை ஏறினேன். அன்று பறவைகள் தாமதித்தன. கூட்டத்தில் பாவி ஒருவர் இருப்பின் அவை வாரா என்று அருகிலிருந்தோர் பேசிக்கொண்டனர். வழியில் பாட்டியாரின் சுருக்குப்பையிலிருந்து எட்டணா எடுத்திருந்த நான் நடுங்கிப்போனேன். நெடுநேரம் கழித்து இரண்டும் வந்தன.

அவ்வினப் பறவை கூண்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழ்ந்ததுண்டு. ஆயினும் தலைமுறைகள் கண்ட வழக்கத்தை ஓரிணை தாங்கியிருக்க இயலாது. ஓரிணை மறைய வேறிணை வந்தமர்ந்திருத்தல் வேண்டும். அத்தொடர்ச்சியே 1990களின் இறுதியில் அறுந்தது. பறவைகள் வருவது நின்றது. அதே காலத்தில் இந்தியா முழுவதும் பாறுகள் மடிந்துகொண்டிருந்தன. 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்னும் அளவுக்குக் குறைந்தது. கால்நடைகளுக்கு வலிநீக்கியாக அளித்த டைக்ளோபினாக் சடலத்தின் வழியே பாறின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என 2004இல் தெளிவாயிற்று. 2006இல் கால்நடைக்கு அம்மருந்து தடைசெய்யப்பெற்றது. கழுக்குன்றத்து இணையின் முடிவை அம்மருந்தோடு நான் முடிச்சிடவில்லை. ஆனால் அவற்றின் இடத்துக்கு வர வேண்டிய இளம் பறவைகள் எங்கே என்னும் வினாவை வரலாறு எழுதுவோர் தவிர்க்க இயலாது.

பறவைகள் வருவதில்லை என்று கூறியபோது பாட்டியார், "யார் பண்ணின பாவமோ!" என்றார். எட்டணாவை அப்போதும் நான் சொல்லவில்லை.

இன்று தமிழகத்தில் பாறுகளைக் காண நீலகிரிச் சாரலின் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குச் செல்ல வேண்டும். வட்டத்தின் அடுத்த ஆண்டுச் சுற்றுலா முதுமலைப் பக்கம் அமையுமாயின், கவிஞர்கள் உச்சிப்போதில் சற்று அண்ணாந்து பார்க்க வேண்டுகிறேன்.