தமிழ்நாட்டில் வீட்டு உணவுக் கழிவுச் சேகரிப்பு: கழுநீர்த் தொட்டி முதல் பச்சைத் தொட்டி வரை

வீட்டு உணவுக் கழிவுச் சேகரிப்பு என்பது, சமையலறையில் மிஞ்சும் காய்கறித் தோல், பழத்தோல், பழைய சோறு, முட்டை ஓடு, மீன் முள், தேயிலைச் சக்கை போன்றவற்றை மற்ற குப்பையோடு கலக்காமல் தனியே வைத்து, அவற்றை வீடுதோறும் சென்று பெற்று, உரமாகவோ எரிவாயுவாகவோ கால்நடைத் தீவனமாகவோ மாற்றும் ஏற்பாடாகும். தமிழ்நாட்டில் இது பொதுவாக ‘மக்கும் குப்பை’ சேகரிப்பு என்று அறியப்படுகிறது. தென்காசி மாவட்டத்துப் பாவூர்சத்திரம் போன்ற ஊர்களுக்குப் பச்சைத் தொட்டியும் தள்ளுவண்டியும் புதியவை. ஆனால் உணவுக் கழிவைத் தனியே பிரிக்கும் பழக்கம் புதிதன்று. இடையில் ஓரிரு தலைமுறைக் காலத்தில் விட்டுப்போன ஒரு பழக்கத்தை மீட்கும் முயற்சியே இச்சேகரிப்பின் வரலாறு எனலாம்.

பாவூர்சத்திரம்

பாவூர்சத்திரம் திருநெல்வேலியிலிருந்து தென்காசி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த சந்தை ஊர். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாகும் வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. இங்குள்ள காமராஜர் தினசரி காய்கறிச் சந்தைக்குச் சுற்று வட்டார உழவர்கள் கத்தரி, வெண்டை, மிளகாய், சின்ன வெங்காயம் முதலியவற்றைக் கொண்டுவருகின்றனர். அவற்றில் பெரும்பகுதி செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளத்துக்குச் செல்கிறது. ஓணத்துக்கு முந்தைய நாட்களில் சந்தை மேலும் சுறுசுறுப்படையும்.

காய்கறி விளையும் நிலம், அதை விற்கும் சந்தை, அதைச் சமைக்கும் வீடு ஆகிய மூன்றும் இவ்வூரில் அருகருகே உள்ளன. சமையலறைக் கழிவு உரமாகித் திரும்ப வேண்டிய வயல் நடந்து போகும் தொலைவில் இருக்கிறது. பெருநகரங்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை.

குழியும் தொழுவமும்

முன்பு சிற்றூர் வீடுகளில் உணவுக் கழிவு ‘குப்பை’ என்ற கணக்கில் வந்ததே குறைவு. அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, காய்த்தோல் ஆகியவை கழுநீர்த் தொட்டிக்குப் போயின. மாடு இல்லாத வீட்டிலும் பக்கத்துத் தொழுவத்துக்காரர் வந்து எடுத்துச் செல்வார். மிச்சச் சோறு கோழிக்கும் நாய்க்கும் போயிற்று. அடுப்புச் சாம்பல், சாணம், தொழுவத்துக் கூளம், வாசல் பெருக்கிய சருகு ஆகியவை எருக்குழியில் சேர்ந்தன. கோடையில் குழியை வெட்டி, மாட்டுவண்டியில் ஏற்றி வயலில் கொட்டுவர்.

இம்முறையில் அரசின் பங்கு எதுவும் இல்லை. கழிவுக்கு ஒரு பயன் இருந்தது. அதைக் கேட்டு வாங்க ஆளும் இருந்தார். அதனால் பிரிப்பது தனி வேலையாகத் தோன்றவில்லை.

இந்தூர் முறையும் பெங்களூர் முறையும்

இந்திய உழவரிடம் நிலவிய எருக்குழிப் பழக்கத்தை அறிவியல் ஆய்வுக்கு உட்படுத்தியவர்களில் ஆல்பர்ட் ஹோவர்ட் முதன்மையானவர். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய அவர், தாவரக் கழிவையும் சாணத்தையும் அடுக்கடுக்காக இட்டு, குறித்த கால இடைவெளியில் புரட்டி உரமாக்கும் முறையை வகுத்தார். இது இந்தூர் முறை எனப்பட்டது. 1939-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி. என். ஆச்சார்யா நகரக் குப்பைக்கு ஏற்ற மற்றொரு முறையை உருவாக்கினார். இதில் குப்பையைக் குழியில் அடுக்கி மண்ணால் மூடிவிடுவர், புரட்டத் தேவையில்லை.

1940-களில் உணவு உற்பத்தியைப் பெருக்கும் இயக்கம் நடந்தபோது நகராட்சிகள் குப்பையை உரமாக்கி உழவர்க்கு விற்பது ஊக்குவிக்கப்பட்டது. அன்றைய நகரக் குப்பையில் நெகிழி இல்லை. கலந்து வந்த குப்பையே உரமாகும் தன்மை பெற்றிருந்ததால், வீட்டில் பிரித்துத் தர வேண்டிய தேவை எழவில்லை.

விட்டுப்போன பழக்கம்

இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் பல மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இரசாயன உரம் எளிதாகக் கிடைத்ததால் எருவின் தேவை குறைந்தது. உழவு எந்திரம் வந்ததும் வீட்டுக்கு வீடு இருந்த மாடுகள் குறைந்தன. காலி மனைகள் வீடுகளாயின. எருக்குழிக்கு இடமில்லாமல் போயிற்று. எரிவாயு அடுப்பு வந்த வீட்டில் சாம்பலும் இல்லை. இறுதியாக நெகிழிப் பை வந்தது. அன்றாடம் சேரும் கழிவைப் பையில் கட்டித் தெருமுனையில் எறிவது எளிதாயிற்று.

இதன் விளைவுகள் கடுமையானவை. பையோடு உணவை விழுங்கிய மாடுகளின் வயிற்றில் நெகிழி சேர்ந்தது. ஓடைகளும் குளத்து மடைகளும் அடைபட்டன. குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் அழுகும் உணவுக் கழிவிலிருந்து மீத்தேன் வாயு வெளியாகிறது. நூறாண்டுக் கணக்கில் இது கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கக் கூடியது; எளிதில் தீப்பற்றவும் கூடியது. 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடி குப்பைக் கிடங்கில் பற்றிய தீ அணைய நாட்கள் பல ஆயின. சுற்றியுள்ள மக்கள் அப்புகையைச் சுவாசிக்க நேர்ந்தது.

சென்னையில் வீடுதோறும் சேகரிப்பு

தமிழ்நாட்டில் வீட்டு வாசலில் குப்பை பெறும் முறையைப் பரவலாக்கியது எக்ஸ்னோரா அமைப்பு. வங்கி அலுவலரான எம். பி. நிர்மல் 1989-இல் சென்னையில் இதைத் தொடங்கினார். தெருவாசிகள் ஒன்றுகூடி, மாதந்தோறும் சிறு தொகை செலுத்தி, மூன்று சக்கர வண்டியுடன் ஒருவரை அமர்த்துவர். அவர் ‘தெருவை அழகுபடுத்துபவர்’ என்று அழைக்கப்பட்டார். அதுவரை குப்பை பொறுக்கி வாழ்ந்தோர் பலர் இப்பணிக்கு வந்தனர். சில இடங்களில் வீடுகள் மக்கும் குப்பையைப் பிரித்துக் கொடுத்தன. அங்கேயே உரக்குழிகளும் அமைந்தன.

பிரித்துத் தரும் பழக்கம் எல்லா இடத்திலும் நிலைக்கவில்லை. தெருவில் பிரித்து எடுத்த குப்பையும் அடுத்த கட்டத்தில் ஒரே லாரியில் ஏற்றப்பட்டது. 2000-இலிருந்து சென்னையின் சில மண்டலங்களில் குப்பை அகற்றல் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டபோது, அள்ளிய எடைக்கு ஏற்பப் பணம் வழங்கப்பட்டது. எடை கூடினால் வருவாய் கூடும் ஏற்பாட்டில் பிரித்தலுக்கு ஊக்கம் இருக்க இயலாது.

சட்டத்தின் வழி

1994 செப்டம்பரில் சூரத் நகரில் பரவிய பிளேக் நோய், குப்பை மேலாண்மையை நாடு முழுவதும் பேசுபொருளாக்கியது. 1996-இல் அல்மித்ரா பட்டேல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் அமைத்த அசிம் பர்மன் குழு 1999-இல் அறிக்கை அளித்தது. அதன் தொடர்ச்சியாக நகராட்சித் திடக்கழிவு விதிகள் 2000-ஆம் ஆண்டு வெளியாயின. குப்பையைப் பதப்படுத்தும் வசதியை 2003 டிசம்பர் 31-க்குள் அமைக்க வேண்டும் என்று அவை கெடு விதித்தன. கெடு கடந்தும் பெரும்பாலான ஊர்களில் குப்பைமேடு மட்டுமே இருந்தது.

2016 ஏப்ரல் 8 அன்று வெளியான திடக்கழிவு மேலாண்மை விதிகள் மூன்று வகையில் முக்கியமானவை. முதலாவதாக, ஈரக் கழிவு, உலர் கழிவு, வீட்டு அபாயக் கழிவு என்று பிரித்துத் தருவது குப்பையை உண்டாக்குவோரின் கடமை என்றன. இரண்டாவதாக, நகராட்சி எல்லைக்கு வெளியே உள்ள பகுதிகளுக்கும் விரிந்தன. மூன்றாவதாக, குப்பை பொறுக்குவோரை இம்முறையின் அங்கமாக ஏற்றன.

வேலூர், அம்பிகாபூர், ஆலப்புழை

விதிகள் ஏட்டில் இருந்த காலத்தில் செயலில் காட்டிய ஊர்களும் உண்டு. வேலூர் வட்டாரத்தில் சி. சீனிவாசன் ‘கழிவு அல்ல, வளம்’ என்ற கருத்தில் ஒரு முறையை வளர்த்தார். அதன்படி குப்பை அழுகும் முன்னரே விரைந்து பெறப்படும். மாடு தின்னக்கூடியது மாட்டுக்கும், கோழி, வாத்து தின்னக்கூடியது அவற்றுக்கும் போகும். எஞ்சியது சாணத்தின் துணையோடு உரமாகும். பழைய தொழுவமும் எருக்குழியும் இங்கே ஊர்ப்பொது ஏற்பாடாக மீண்டன.

சத்தீசுகர் மாநிலத்து அம்பிகாபூர் நகரம் இம்முறையைப் பின்பற்றியது. அங்கே மகளிர் சுய உதவிக் குழுவினர் வீடுதோறும் பிரித்த குப்பையைப் பெற்று, மையங்களில் மேலும் பல வகையாகப் பிரித்தனர். பழைய குப்பைமேடு பூங்காவாயிற்று.

பாவூர்சத்திரத்துக்கு மேற்கே மலைக்கு அப்பால் உள்ள கேரளத்து ஆலப்புழை மற்றொரு வழியைத் தேர்ந்தது. நகரக் குப்பையைச் சுமந்த சர்வோதயபுரம் மக்கள் எதிர்த்ததால் 2012-இல் குப்பை கொட்ட இடமில்லாமல் போயிற்று. நகராட்சி, சேகரிப்பதற்குப் பதிலாக வீட்டுக்கு வீடு குழாய் உரக்கலன்களையும் சாண எரிவாயுக் கலன் போன்ற சிறு கலன்களையும் அமைக்க உதவியது. இடமில்லாத வீடுகளுக்குத் தெருவோரம் காற்றோட்டமுள்ள பொது உரத்தொட்டிகள் வந்தன.

நெல்லைச் சீமையில்

திருநெல்வேலி மாநகராட்சி 2010-களின் நடுவில், மக்கும் குப்பையை நாள்தோறும் பெறுவது, மக்காத குப்பையைப் புதன்கிழமை மட்டும் பெறுவது என்ற முறையைக் கொண்டுவந்தது. நெகிழி அழுகாது, ஒரு வாரம் வீட்டில் இருக்கலாம். சோறு ஒரு நாள் தாண்டாது. இந்த எளிய வேறுபாட்டின் மேல் அம்முறை அமைந்தது. இரண்டும் ஒரே நாளில் ஒரே வண்டியில் ஏறாததால் வழியில் கலக்கும் வாய்ப்பும் குறைந்தது.

சிற்றூர்களில் இப்பணி தூய்மை பாரத இயக்கத்தின் கீழ்த் தூய்மைக் காவலர்கள் வழியாக நடக்கிறது. மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 66,000 பேர் இவ்வாறு பணியாற்றுகின்றனர். இவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். கீழப்பாவூர் பேரூராட்சியும் பல கிராம ஊராட்சிகளும் அடுத்தடுத்து உள்ள பாவூர்சத்திரம் பகுதியில் இவ்விரு வகை உள்ளாட்சிகளின் பணியும் சந்திக்கிறது. பேரூராட்சிகளில் உரம் தயாரிக்கும் இடம் ‘வளம் மீட்புப் பூங்கா’ எனப்படுகிறது.

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருட்களுக்கு மாநில அரசு விதித்த தடையும், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் உணவுக் கழிவுச் சேகரிப்புக்குத் துணையானவை. பையில் கட்டாத காய்த்தோலே நல்ல உரமாகும்.

பிற நாடுகளில்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனின் தெருமுனைகளில் பன்றித் தீவனத்துக்கென உணவுக் கழிவுத் தொட்டிகள் வைக்கப்பட்டன. லண்டனின் டாட்டன்ஹாம் பகுதியில் அக்கழிவை வேகவைத்துச் செய்த தீவனம் ‘டாட்டன்ஹாம் புட்டிங்’ எனப் பெயர் பெற்றது. தென்கொரியா 2005-இல் உணவுக் கழிவை நேரடியாக நிலத்தில் புதைப்பதைத் தடை செய்தது. 2013 முதல் கொட்டும் அளவுக்கு ஏற்பக் கட்டணம் பெறுகிறது. பிரான்சில் 2024 ஜனவரி 1 முதல் வீட்டு உயிர்க்கழிவைப் பிரித்துச் சேகரிக்க உள்ளாட்சிகள் வழிசெய்ய வேண்டும் என்பது சட்டம்.

உரமாகும் விதம்

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை, இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 55 கிலோ உணவு வீணாவதாக மதிப்பிடுகிறது. தோல், எலும்பு போன்ற உண்ணாத பகுதிகளும் இதில் அடங்கும். நால்வர் உள்ள வீட்டுக்கு இது ஆண்டுக்கு 220 கிலோ, நாளுக்கு ஏறத்தாழ 600 கிராம் ஆகிறது.

உணவுக் கழிவில் நீரும் தழைச்சத்தும் மிகுதி. அதைத் தனியே குவித்தால் காற்றின்றி நாறும். சருகு, வைக்கோல், தென்னைநார்க் கழிவு, மரத்தூள் போன்ற கரிச்சத்து மிக்க உலர்பொருளைக் கலக்க வேண்டும். ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிச்சத்து இருப்பது ஏற்றது. மர அறுவை ஆலைகள் உள்ள பாவூர்சத்திரத்தில் மரத்தூளுக்குக் குறையில்லை. ஆனால் அதில் கரிச்சத்து மிகமிக அதிகம் என்பதால் சிறிதளவே சேர்க்க வேண்டும். கலவை பிழிந்த துணியின் ஈரத்தில் இருந்தால் நுண்ணுயிர்கள் பெருகிக் குவியலின் சூடு 55 பாகைக்கு மேல் ஏறும். அச்சூட்டில் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் அழியும். அவ்வப்போது புரட்டி வந்தால் இரண்டு மூன்று மாதங்களில் மண்வாசனையுள்ள கரிய உரம் கிடைக்கும். இதில் ஓர் உடைந்த மின்கலமோ மருந்துப் புட்டியோ கலந்தால் அந்த உரம் வயலுக்கு உதவாது.

நிலைப்பதும் நின்றுபோவதும்

மேற்கண்ட ஊர்களின் அனுபவத்தை ஒப்பிட்டால் ஒன்று தெரிகிறது. தொட்டி வழங்கியதால் மட்டும் எந்த ஊரிலும் பிரித்தல் நிலைக்கவில்லை. பிரித்துக் கொடுத்த குப்பை பிரிந்தபடியே உரக்குழிக்குப் போவதை மக்கள் கண்ட இடங்களில் நிலைத்தது. தன் கண்ணெதிரே இரண்டும் ஒரே வண்டியில் கொட்டப்படுவதைப் பார்த்த குடும்பம் மறுவாரம் பிரிப்பதை விட்டுவிடுகிறது. அன்று கழுநீர் வாங்கிச் சென்ற தொழுவத்துக்காரரைப் போல, இன்று உரத்தை வாங்கிக்கொள்ள ஓர் உழவர் வேண்டும். பாவூர்சத்திரம் வட்டாரத்தில் அவர் அருகிலேயே இருக்கிறார்.

வீட்டில் பிரிக்காத குப்பையை வேறு எவரோ பிரித்தாக வேண்டும். அது பெரும்பாலும் தூய்மைக் காவலர் ஒருவரின் கை. கண்ணாடிச் சில்லும் ஊசியும் பயன்படுத்திய துணியும் அழுகிய சோற்றுக்குள் மறைந்திருப்பதால் அவருக்குக் காயமும் தொற்றும் ஏற்படுகின்றன. 2020-இல் தமிழ்நாடு அரசு ‘துப்புரவுப் பணியாளர்’ என்ற பெயரைத் ‘தூய்மைப் பணியாளர்’ என மாற்றியது. பெயரோடு அவர்களின் வேலையும் மாற வேண்டுமானால், சமையலறையில் இரண்டு பாத்திரங்கள் வைப்பதே அதற்கு முதல் படி.