மலையில் நாலு சக்கர பைக் சவாரி: ரோட்டில் ஓட்டலாமா? விபத்து நடந்தா நஷ்டஈடு கிடைக்குமா? முழு விவரம்

ஏற்காடு:

'ஏழைகளின் ஊட்டி' என்று அழைக்கப்படும் ஏற்காட்டுக்கு சனி, ஞாயிறு வந்தாலே கூட்டம் அலைமோதுகிறது. ஏரியில் படகு சவாரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி, சேர்வராயன் கோவில் என்று சுற்றி வரும் குடும்பங்களுக்கு இப்போது இன்னொரு ஆசையும் சேர்ந்து விட்டது. மலை ஊர்களில் உள்ள சாகச பூங்காக்களில் 'ஏ.டி.வி.' என்ற நாலு சக்கர பைக் சவாரி நடக்கிறது. பெரிய பலூன் மாதிரி டயர், பைக் போல ஹேண்டில் பார், குதிரை மேல் உட்காருவது போல சீட். பார்த்தாலே இளவட்டங்களுக்கு கை துறுதுறுக்கும்.

"அண்ணே, ஒரு ரவுண்டு எவ்வளவு?" என்று கேட்பவர்கள் பல பேர். "இந்த வண்டிக்கு நம்பர் இருக்கா? இன்சூரன்ஸ் இருக்கா? கவுந்தா யார் பொறுப்பு?" என்று கேட்பவர்கள் மிகவும் குறைவு. கேட்காமல் ஏறினால் அடிபட்ட பிறகுதான் சிக்கல் தெரியும். இந்த வண்டி பற்றி சட்டம் சொல்வது என்ன என்பதை இங்கே பார்க்கலாம்.

ரோட்டுக்கு வந்தால் குற்றம்

1988-ம் ஆண்டு மோட்டார் வாகன சட்டத்தின் 39-வது பிரிவுப்படி, பதிவு செய்யாத எந்த மோட்டார் வாகனத்தையும் பொது இடத்தில் ஓட்டக்கூடாது. பதிவு செய்ய வேண்டும் என்றால் அந்த மாடல் வண்டி முதலில் சோதனையில் தேற வேண்டும். பிரேக், விளக்கு, இண்டிகேட்டர், புகை அளவு எல்லாம் 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளுக்கு பொருந்துகிறதா என்று அங்கீகாரம் பெற்ற சோதனை மையங்கள் பார்த்து சான்று கொடுக்கும். சென்னையை அடுத்த ஒரகடத்திலும் அப்படி ஒரு மையம் இருக்கிறது. அதற்கு பிறகு வண்டி கம்பெனி தரும் தகுதி சான்று, டீலர் தரும் விற்பனை சான்று, இன்சூரன்ஸ் இவற்றோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு போனால்தான் நம்பர் கிடைக்கும்.

இந்தியாவில் விற்கும் பெரும்பாலான ஏ.டி.வி.க்கள் இந்த சோதனைக்கு போவதே இல்லை. 'ரோட்டுக்கு அல்ல' என்று சொல்லித்தான் விற்கிறார்கள். விதிகளில் இருசக்கர வாகனம், மூன்று சக்கர வாகனம், கார், டிராக்டர் என்று வகைகள் உண்டு. ஏ.டி.வி.க்கு என்று தனி வகை கிடையாது.

"நாலு சக்கரம் இருக்கே, 'குவாட்ரிசைக்கிள்' என்று பதிவு பண்ண முடியாதா?" என்று சிலர் கேட்பது உண்டு. முடியாது. அந்த வகை கூரை, கதவோடு ஓடும் சின்ன நகர வண்டிகளுக்காக வந்தது. பஜாஜ் கியூட் அந்த ரகம். 2018-ல் அதை சொந்த உபயோகத்துக்கும் பதிவு செய்யலாம் என்று மத்திய அரசு அனுமதி தந்தது. பைக் மாதிரி கால் போட்டு உட்காரும் ஏ.டி.வி. அதில் வராது.

ஒரே ஒரு வழியை ஒரு கம்பெனி கண்டுபிடித்தது. 2020-21-ல் போலாரிஸ் நிறுவனம் தன்னுடைய 'ஸ்போர்ட்ஸ்மேன் 570' வண்டியை விவசாய டிராக்டர் என்ற பிரிவில் சான்று வாங்கி விற்பனைக்கு கொண்டு வந்தது. அதற்கு டிராக்டர் என்ற பெயரில் நம்பர் உண்டு. காபி தோட்டம், மிளகு தோட்டம் வைத்திருப்பவருக்கு உதவும். ஆனால் டிராக்டர் என்று பதிவு செய்த வண்டியில் சுற்றுலா பயணியை ஏற்றி காசு வாங்கினால் அது வேறு குற்றமாகி விடும்.

எவ்வளவு அபராதம்?

நம்பர் இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டி சிக்கினால் 192-வது பிரிவுப்படி முதல் முறை 2 ஆயிரம் முதல் 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். மறுபடியும் சிக்கினால் ஓராண்டு வரை ஜெயில் அல்லது 5 ஆயிரம் முதல் 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். லைசென்ஸ் இல்லை என்றால் தனியாக 5 ஆயிரம். இன்சூரன்ஸ் இல்லை என்றால் முதல் முறை 2 ஆயிரம், அடுத்த முறை 4 ஆயிரம். வண்டியை பிடித்து வைக்கவும் போலீசுக்கும் போக்குவரத்து அதிகாரிக்கும் அதிகாரம் உண்டு.

18 வயது ஆகாத பையனிடம் சாவியை கொடுத்து அனுப்பினால் கதை இன்னும் மோசம். 2019-ல் சேர்த்த 199-ஏ பிரிவுப்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை ஜெயில், 25 ஆயிரம் ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. அந்த பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

காட்டுக்குள் ஓட்டினால் கேஸ் வனத்துறை கைக்கு போகும். சேர்வராயன் மலையில் பல பகுதிகள் காப்புக்காடு. அனுமதி இல்லாமல் அதற்குள் நுழைவதே 1882-ம் ஆண்டு தமிழ்நாடு வனச்சட்டப்படி குற்றம். "ஆள் இல்லாத மண் பாதைதானே" என்று வண்டியை விடுவது வம்பை விலை கொடுத்து வாங்குவதாகும்.

வேலிக்குள் ஓட்டினால்?

இங்கேதான் சட்டத்தில் ஓட்டை. மோட்டார் வாகனம் என்றால் என்ன என்று சொல்லும் 2(28) பிரிவு, தொழிற்சாலைக்குள்ளோ அடைக்கப்பட்ட இடத்துக்குள்ளோ மட்டும் ஓட்டுவதற்காக செய்த சிறப்பு வாகனத்தை கணக்கில் சேர்ப்பது இல்லை. தனியார் வளாகம், பொதுமக்கள் உரிமையோடு போய் வரும் பொது இடமும் அல்ல. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பில் இதை ஒட்டியே சொன்னது. விசாகப்பட்டினம் உருக்காலையின் சுற்றுச்சுவருக்குள் மட்டும் ஓடிய வாகனங்களுக்கு அந்த காலத்துக்கு மோட்டார் வாகன வரி கேட்க முடியாது என்பதே அந்த தீர்ப்பு.

அதனால் பூங்கா வேலிக்குள் வட்டம் அடிக்கும் ஏ.டி.வி.க்கு நம்பர் கேட்டு ஆர்.டி.ஓ. வர மாட்டார். அங்கே ஓட்டுபவரிடம் லைசென்சும் கேட்பது இல்லை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பங்களிப்போடு 2018-ல் வந்த சாகச சுற்றுலா வழிகாட்டு நெறிமுறைகளில் ஏ.டி.வி. சவாரியும் இடம் பெற்றது. பயிற்சி பெற்ற ஆள், ஹெல்மெட், முதலுதவி, வண்டி பராமரிப்பு எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது நெறிமுறைதான். மோட்டார் வாகன சட்டம் போல அபராதம் போடும் சட்டம் அல்ல.

நஷ்டஈடு சிக்கல்

ரோட்டில் பதிவு செய்த வண்டி மோதினால் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம் இருக்கும். காயம் பட்டவர் மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்துக்கு போகலாம். 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தில் இதற்கு 6 மாத கெடு வைத்திருப்பதால் தாமதம் செய்யக்கூடாது. அடித்து விட்டு ஓடிய வண்டி என்றாலும் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், படுகாயம் அடைந்தவருக்கு 50 ஆயிரம் ரூபாய் உண்டு. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மை காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு நிர்ணயித்த தொகை வரை அரசே செலவு செய்கிறது.

இவை எல்லாமே சாலை விபத்தை மனதில் வைத்து செய்த ஏற்பாடுகள். பூங்காவுக்குள் நம்பர் இல்லாத, இன்சூரன்ஸ் இல்லாத வண்டி கவிழ்ந்து கை, கால் முறிந்தால் இந்த கதவுகள் தட்டியதும் திறக்கும் என்று நம்ப முடியாது. தினக்கூலி வேலை செய்பவருக்கு கால் முறிந்தால் ஆஸ்பத்திரி செலவோடு 3 மாத கூலியும் போச்சு.

அப்போது மிச்சம் இருப்பது நுகர்வோர் ஆணையம். டிக்கெட் வாங்கி சவாரி செய்வது காசு கொடுத்து பெறும் சேவை. சேவையில் குறை இருந்தால் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி 2 ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகார் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. கவனக்குறைவால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவுப்படி 5 ஆண்டு வரை ஜெயில் என்று போலீஸ் வழக்கும் வரும்.

"என்ன நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அதில் கையெழுத்து போட்டதாலேயே புகார் கொடுக்கும் உரிமை போய் விடாது. ஆனால் டிக்கெட்டை தூக்கி எறிந்து விட்டால் எதையும் நிரூபிக்க முடியாது.

ஏன் கவிழ்கிறது?

நாலு சக்கரம் இருப்பதால் கவிழாது என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. வண்டியின் அகலம் குறைவு, நீளம் குறைவு, உயரமோ அதிகம். எடை மேலே தூக்கி நிற்கும். வளைவில் ஓட்டுபவர் உடம்பை உள்பக்கம் சாய்த்து கொடுக்க வேண்டும். பழகாதவர் அப்படியே உட்கார்ந்து ஹேண்டிலை ஒடிப்பார். வண்டி புரளும். மேட்டில் ஏறும்போது ஆக்சிலேட்டரை முறுக்கினால் பின்பக்கமாக மல்லாந்து ஓட்டுபவர் மேலேயே விழும். ஒருவர் ஓட்டும் வண்டியில் பின்னால் இன்னொருவரை ஏற்றினால் சமநிலை மொத்தமும் போய் விடும். காற்று குறைவாக வைத்த அந்த டயர் மண்ணுக்கு செய்தது. தார் ரோட்டில் திடீரென பிடித்துக்கொள்ளும்.

வெளிநாடுகள் இதை அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டன. 1970-ல் ஹோண்டா கொண்டு வந்த மூன்று சக்கர வண்டிதான் ஆரம்பம். குழந்தைகள் சாவு அதிகமானதால் 1988-ல் அமெரிக்காவில் கம்பெனிகள் மூன்று சக்கர விற்பனையை நிறுத்த ஒப்புக்கொண்டன. 2008-ல் புதிய மூன்று சக்கர ஏ.டி.வி.க்கு சட்டமே தடை போட்டது. 16 வயதுக்கு கீழ் ஏ.டி.வி. வேண்டவே வேண்டாம் என்பது அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. கவிழ்ந்த வண்டிக்கு அடியில் சிக்கி விவசாயிகள் பலர் இறந்த ஆஸ்திரேலியாவில், 2021 அக்டோபர் முதல் புதிய வண்டிகளில் ஓட்டுபவரை நசுங்காமல் காக்கும் கம்பி வளைவு கட்டாயம். மாட்ட மாட்டோம் என்று சில பெரிய கம்பெனிகள் அந்த ஊர் விற்பனையையே விட்டு விட்டன.

ஜீப், பிக்கப் வண்டிக்கும் கவனம்

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபி செடியை கொண்டு வந்ததில் இருந்து சேர்வராயன் மலை தோட்ட மலை. மண் ரோடும் ஜீப்பும் இங்கே அன்றாட வாழ்க்கை. வெள்ளை போர்டு ஜீப்பில் காசு வாங்கி பயணிகளை ஏற்றினால் பெர்மிட் இல்லாத குற்றத்துக்கு 10 ஆயிரம் ரூபாய் அபராதம், 6 மாதம் வரை ஜெயில். கம்பெனி கொடுத்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லி விட்டது.

சரக்கு பிக்கப்பில் சும்மா ஏறி வருபவர்களும் யோசிக்க வேண்டும். வண்டிக்காரரிடம் வேலை பார்ப்பவர், சரக்குக்கு சொந்தக்காரர் தவிர மற்றவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றும் டிரைவரின் லைசென்சுக்கும் ஆபத்து.

அடிவாரத்தில் இருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். 2024 ஏப்ரல் 30-ந்தேதி மாலை ஏற்காட்டில் இருந்து சேலம் இறங்கிய தனியார் பஸ் கவிழ்ந்து குறைந்தது 5 பேர் பலியானதை ஊர் மறக்கவில்லை. அனுபவ டிரைவர்களே திணறும் பாதை இது. குறுகலான இடத்தில் மேலே ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழி விட வேண்டும் என்பது விதி. ஏறும் கியரிலேயே இறங்குவது உயிர் காக்கும் பழக்கம். இந்த ரோட்டில் ஏ.டி.வி.க்கு இடமே இல்லை.

சவாரிக்கு முன் கேளுங்க

* வண்டிக்கு, பயணிக்கு விபத்து காப்பீடு இருக்கா? இருந்தால் தாளை காட்டச் சொல்லுங்கள்.

* தாடைப்பட்டை உள்ள ஹெல்மெட் தருகிறார்களா? தலைக்கு தொளதொள என்று இருந்தால் வேண்டாம்.

* சிறுவர்களுக்கு தனி சின்ன வண்டி இருக்கா? பெரிய வண்டியில் பிள்ளையை முன்னால் உட்கார வைத்து ஓட்டாதீர்கள்.

* பாதை வேலிக்குள்ளேயே முடிகிறதா? "அப்படியே வியூ பாயிண்ட் வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றால் இறங்கி விடுங்கள்.

* பிரேக்கை நின்ற இடத்திலேயே பிடித்து பாருங்கள். என்ஜினை உடனே நிறுத்தும் சுவிட்ச் எங்கே என்று கேளுங்கள்.

* சேலை முந்தானை, துப்பட்டாவை இழுத்து சொருகுங்கள். செருப்புக்கு பதில் ஷூ நல்லது.

* குடித்து விட்டு ஏறவே கூடாது.

* டிக்கெட்டை பத்திரமாக வையுங்கள். ஏறும் முன் வண்டியை ஒரு போட்டோ எடுங்கள்.

அடிபட்டால் 108-க்கு போன் செய்யுங்கள். கழுத்து, முதுகில் அடி என்றால் ஆளை தூக்கி உட்கார வைக்காதீர்கள். ஏற்காடு அரசு ஆஸ்பத்திரியில் முதலுதவி முடிந்ததும் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அங்கே "கீழே விழுந்துட்டேன்" என்று மட்டும் சொல்லாமல், எந்த இடத்தில், எந்த வண்டியில், எத்தனை மணிக்கு என்று விவரமாக சொல்லி விபத்து பதிவேட்டில் எழுத வையுங்கள். போலீசில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். பின்னால் நஷ்டஈடு கேட்கும்போது இந்த தாள்கள்தான் உங்களுக்காக பேசும்.