இரண்டு மௌனங்கள்

பேச்சே இல்லாமல் ஒரு கூட்டம் நடக்குமா? நடக்கும். குவேக்கர்கள் என்ற சிறு கிறிஸ்தவ சமூகத்தார் 350 ஆண்டுகளுக்கு மேலாக அப்படித்தான் நடத்தி வருகிறார்கள். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில், இங்கிலாந்தில் உள்நாட்டுப் போரின் புகை அடங்கியும் அடங்காமலும் இருந்த நாட்களில், ஜார்ஜ் பாக்ஸ் என்பவர் தொடங்கிய மார்க்கம் இது. பிரிட்டனில் இவர்களுடைய ஆராதனைக் கூடத்தில் பீடம் இல்லை, பாதிரியார் இல்லை, பிரசங்கம் இல்லை. வந்தவர்கள் மௌனமாக அமர்ந்திருப்பார்கள். யாருக்காவது உள்ளிருந்து ஒரு வார்த்தை எழுந்தால், எழுந்து நின்று சொல்லிவிட்டு உட்காருவார். மறுபடியும் மௌனம்.

ஒவ்வொரு மனிதருக்குள்ளும் தெய்வத்தின் ஒளி உண்டு என்பது இவர்களுடைய நம்பிக்கை. அந்த ஒளி எஜமானனுக்கு அதிகம், அடிமைக்குக் குறைவு என்று சொல்ல முடியாதல்லவா? அதனால்தான் அடிமை வாணிகத்தை எதிர்த்தவர்களில் இவர்கள் முன்வரிசையில் நின்றார்கள். அப்படியானால், ஆணை நேசிக்கும் ஆணிடமும், பெண்ணை நேசிக்கும் பெண்ணிடமும் அந்த ஒளி இல்லையா? ஏறக்குறைய 300 ஆண்டுகள் இந்தக் கேள்வியைச் சபையில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

மௌனத்தில் இரண்டு வகை உண்டு. பிறர் சொல்வதைக் கேட்பதற்காக நாம் இருக்கும் மௌனம் ஒன்று. பிறர் வாயைத் திறக்கவிடாமல் செய்யும் மௌனம் மற்றொன்று. இந்த ஒரு விஷயத்தில் குவேக்கர்களும் ஊரோடு ஒத்து இரண்டாவது மௌனத்தையே அனுசரித்து வந்தார்கள்.

சட்டமும் அதற்குத் துணை நின்றது. எழுத்தாளர் ஆஸ்கார் ஒயில்டின் கதை வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். 1885-ல் பிறந்த ஒரு சட்டத்தின்படி, ஆணை நேசித்த குற்றத்துக்காக 1895-ல் அவருக்கு இரண்டு ஆண்டுக் கடுங்காவல் கிடைத்தது. அதே சட்டம் 1950-களிலும் இங்கிலாந்தில் உயிரோடு இருந்தது.

1957-ல்தான் அந்த மௌனத்தில் முதல் கீறல் விழுந்தது. தன்பாலின ஈர்ப்பு கொண்ட குவேக்க இளைஞர்கள் சிலர் தங்கள் சங்கடத்தைப் பெரியவர்களிடம் கொண்டு வந்தார்கள். ஆசிரியர்கள், மனநோய் மருத்துவர்கள், வழக்கறிஞர் என்று ஒரு சிறு குழு கூடியது. உபதேசம் செய்து அனுப்பிவிடாமல், அவர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். யோசனை ஆறு ஆண்டு நீண்டது. 1963-ல் அது ஒரு சிறு நூலாக வெளிவந்தது. தன்பாலின ஈர்ப்பை இடக்கைப் பழக்கத்துக்கு மேல் பழிக்கத்தக்கதாகக் கருத வேண்டியதில்லை என்று அந்த நூல் சொன்னது.

இந்த உவமையின் கனம் நமக்கு நன்றாகவே விளங்கும். இடக்கையால் பலபம் பிடித்த குழந்தையின் விரலில் அடி விழுந்த காலம் நம் வீடுகளிலும் உண்டு. அடித்தவர்கள் கொடியவர்கள் அல்லர். குழந்தையைத் திருத்துவதாகவே எண்ணினார்கள். இயற்கையைத் திருத்தப் புறப்படும் அன்பு எவ்வளவு கொடுமை செய்யும் என்பதை அந்த விரல்களைத்தான் கேட்க வேண்டும்.

நூலைக் கண்டித்தவர்கள் வெளியிலும் இருந்தார்கள், குவேக்கர்களுக்குள்ளும் இருந்தார்கள். அது அந்தக் குழுவின் அபிப்பிராயம்தான், சபையின் தீர்மானம் அல்ல. சட்டம் 1967-ல் சற்றே இளகியது. சபை இளகுவதற்கு இன்னும் நாள் பிடித்தது.

அதே காலத்தில் அமெரிக்கக் குவேக்கர்களிடையே இரண்டாவது மௌனம் என்ன செய்தது என்பதற்குப் பேயார்ட் ரஸ்டின் என்ற கறுப்பினத்தவரின் வாழ்க்கை சாட்சி. அவர் குவேக்கர், காந்தியின் வழியைக் கற்க 1948-ல் இந்தியாவுக்கு வந்தவர். 1953-ல் கலிபோர்னியாவில் ஓர் ஆணோடு இருந்ததற்காகச் சிறை சென்றார். 1955-ல் குவேக்கர்களின் சேவைக் குழு அஹிம்சையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டது. அதை உருவாக்கியவர்களில் ரஸ்டினும் ஒருவர். ஆனால் அவருடைய பெயர் நூலில் இடம்பெறவில்லை. அந்த நூலின் தலைப்பு என்ன தெரியுமா? 'அதிகாரத்தின் முன் உண்மை பேசு'! 1963 ஆகஸ்டு 28-ல் மார்ட்டின் லூதர் கிங் பேசிய வாஷிங்டன் பேரணியைத் திட்டமிட்டு நடத்தியவர் இதே ரஸ்டின்தான். அவர் 1987-ல் காலமானார். கலிபோர்னியா அரசு அவருக்கு மன்னிப்பு வழங்கியது 2020-ல்.

பிரிட்டனில் 1973-ல் தன்பாலின ஈர்ப்பு கொண்ட குவேக்கர்கள் தங்களுக்கென்று ஒரு தோழமைச் சங்கம் அமைத்தார்கள். குவேக்கர் சபையில் வாக்கெடுப்புக் கிடையாது. ஐம்பத்தொரு பேர் கை தூக்கி நாற்பத்தொன்பது பேரை வாயடைக்க முடியாது. எல்லாருடைய மனமும் ஓரிடத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். 2009-ல், யார்க் நகரில் கூடிய ஆண்டுக் கூட்டத்தில், அந்த மனம் வந்தது. தங்கள் வாழ்க்கையை ஒளிக்காமல் சிலர் சொல்ல, மற்றவர்கள் கேட்டார்கள். ஒரே பாலினத்தாரின் விவாகத்தையும் மற்ற விவாகங்களைப் போலவே நடத்துவது, அதற்கேற்பச் சட்டத்தை மாற்றும்படி அரசைக் கேட்பது என்று முடிவாயிற்று. 2013-ல் சட்டம் வந்தது. 2014 மார்ச்சில் அமலாயிற்று. 2021-ல் திருநங்கையரையும் திருநம்பியரையும் மனமுவந்து வரவேற்று ஆண்டுக் கூட்டம் குறிப்பெழுதியது.

எல்லாக் குவேக்கர்களும் இப்படியென்று எண்ணிவிடக் கூடாது. உலகிலேயே குவேக்கர்கள் அதிகமாக வாழும் நாடு கென்யா. அங்குள்ள சபைகளில் பெரும்பாலானவை இதை ஏற்கவில்லை. அமெரிக்காவில் இந்தியானாவின் ஆண்டுச் சபை இந்தப் பிரச்னையில் 2013-ல் இரண்டாகவே பிளந்தது.

காத்திருப்பது பெருந்தன்மைதான். ஆனால் 1957-லிருந்து 2009 வரை 52 ஆண்டுகள். காத்திருந்த சபைக்கு அது பொறுமை; வாசலில் நின்றவர்களுக்கு அது ஆயுள். கதவைத் தட்டிய அந்த இளைஞர்கள் 2009-ல் எழுபது வயதைத் தாண்டியிருப்பார்கள். பொறுமையைப் புகழும்போது அதற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

குவேக்கர் விவாகத்தில் புரோகிதர் இல்லை. மணமக்கள் எழுந்து நின்று, ஒருவருக்கொருவர் உறுதிமொழி சொல்லிக்கொள்கிறார்கள். பிறகு ஒரு பெரிய பத்திரத்தில் வந்திருக்கும் அனைவரும், சிறு குழந்தைகள்கூட, சாட்சிக் கையெழுத்திடுகிறார்கள். ஒரு மனிதரின் பெயரை நூலிலிருந்து விட்டுவிட்ட சமூகத்தின் ஒரு பகுதி, இரண்டு மனிதர்களின் பெயரைச் சுற்றித் தங்கள் எல்லாருடைய பெயரையும் எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறது.