ஒலிம்பிக் தளமும் ஒரு பிரெய்ல் வாசகரும்

சிட்னி ஒலிம்பிக் 2000 செப்டம்பரில்தான் தொடங்கியது. அதன் இணையதளத்தை எதிர்த்து ஒரு பார்வையற்றவர் நடத்திய போராட்டம் அதற்கு ஓராண்டு முன்பே தொடங்கிவிட்டது.

திரையில் உள்ள எழுத்துகளை விரல்நுனிக்குப் புள்ளிகளாக எழுப்பித் தரும் பிரெய்ல் கருவியில் இணையத்தைப் படிப்பவர் புரூஸ் மகுவயர். ஒலிம்பிக் தளத்தில் பல படங்களுக்கு விளக்க வரி இல்லை. அட்டவணைப் பக்கத்திலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போக அவருக்கு வழியில்லை. 1999 ஜூனில் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையத்திடம் புகார் கொடுத்தார்.

திருத்துவதற்கு நாளும் பணமும் ஏராளமாகச் செலவாகும் என்றது அமைப்புக் குழு. வல்லுநர்கள் அதை மறுத்தார்கள். ஒரு படத்துக்கு விளக்கம் சேர்க்க நிரலில் சில சொற்கள் போதும். அவை இல்லாவிட்டால் பார்வையற்றவருக்கு அந்தப் படமே இல்லை.

இது 1992ஆம் ஆண்டின் உடற்குறைப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்துக்கு எதிரான பாகுபாடு என்று 2000 ஆகஸ்டில் ஆணையம் தீர்ப்பளித்தது. தொடக்க விழா நாளான செப்டம்பர் 15க்குள் தளத்தைச் சரிசெய்யச் சொன்னது. குழு அதை முழுமையாகச் செய்யவில்லை. நவம்பரில் 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு தர உத்தரவானது.

செய்முறை தெரியாமல் நேர்ந்த குறையல்ல இது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு தன் முதல் அணுகல் வழிகாட்டு நெறிகளை 1999 மே மாதமே வெளியிட்டிருந்தது. 2008இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு, 2012இல் ஐஎஸ்ஓ தரநிலையாகவும் ஏற்கப்பட்டது.